கண்டம், செகண்டு, ஸ்கிராப்பு

என் அண்ணன் மோகனன் வாயைத் திறந்தால் உலகத்தில் பாதி கண்டம், மீதிப் பாதி ஸ்கிராப்பு. இதை நான் கோபத்தில் சொல்லவில்லை. கோபத்தில் சொல்ல வேண்டியதெல்லாம் பின்னால் இருக்கிறது.

அண்ணனுக்குப் பழைய வண்டி வாங்கி விற்கிற தொழில். பாறசாலையில் மெயின் ரோட்டை ஒட்டி ஒரு காலி மனையில் நான்கைந்து ஆட்டோ, ஒரு ஜீப், இரண்டு ஸ்கூட்டர் எப்போதும் நிற்கும். சர்க்கார் ஆபீசில் ஒரு ஜீப் ஓடித் தேய்ந்து, இனி இதற்குச் செலவு செய்து பயனில்லை என்று மேலே உள்ளவர்கள் எழுதித் தள்ளினால் அது கண்டம். நகர்த்தவே முடியாமல் இரும்பு எடைக்குப் போடுவது ஸ்கிராப்பு. ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு வந்தது செகண்டு. இடி வாங்கியது டேமேஜ். இந்த வார்த்தைகள் அந்த மனையிலேயே கிடந்திருந்தால் யாருக்கு என்ன நஷ்டம்? அண்ணன் அவற்றை வீட்டுக்குக் கொண்டுவந்தான். அப்பாவுக்கு முழங்கால் வலித்தால் புஷ் தேய்ந்துவிட்டது. அம்மாவுக்குக் கண் மங்கினால் ஹெட்லைட் டிம். சொன்ன கதையையே சொல்லும் பக்கத்து வீட்டுக்காரர் ஃபியூஸ் போன கேஸ். அப்பா தங்கப்பன் அதிகம் பேசாத மனிதர், முழங்காலைத் தடவிக்கொண்டு சிரிப்பார். அம்மாவும் சிரிப்பாள். நானும் சிரித்திருக்கிறேன், மறைப்பானேன்? நன்றாகவே சிரித்திருக்கிறேன். அப்பாவின் முழங்காலைச் சொன்னபோது எனக்கு வலிக்கவில்லை.

அவன் வியாபாரத்தில் ஒரு வித்தை வைத்திருந்தான். வண்டி பார்க்க ஆள் வந்தால் எந்தப் புரோக்கரும் வண்டியைப் புகழ்வான். அண்ணன் திட்டுவான். தன் வண்டியைத் தானே காலால் ஒரு உதை உதைத்து, இது கண்டம், உங்களுக்குச் சரிவராது, வேறு இடம் பாருங்கள் என்று முகத்தைத் திருப்பிக்கொள்வான். வந்தவன் என்ன செய்வான்? அவனுக்குச் சந்தேகம் வந்துவிடும், இவன் வேறு யாருக்கோ இதை வைத்திருக்கிறான் என்று. சுற்றிச் சுற்றி வருவான், குனிவான், என்ஜின் சத்தம் கேட்பான், அப்படி ஒன்றும் மோசமில்லையே என்று அவன் வாயாலேயே சொல்லுவான். அந்த இடத்தில் வண்டி விற்றாயிற்று. குறையை அவன் கண்டுபிடித்தால் நாம் திருடன், நாமே சொன்னால் நேர்மையானவன் என்று அண்ணன் பெருமையடித்துக்கொள்வான். பாறசாலையிலிருந்து வெள்ளறடை வரை அவனுக்கு நேர்மையானவன் என்று பெயர். இந்தப் பெயர்தான் என் தலையில் வந்து விடிந்தது.

என் பெயர் பிரசீதா. அப்போது, தொண்ணூற்றாறில், எனக்கு முப்பத்திரண்டு வயது. இருபத்துநாலு வயதில் ஒற்றசேகரமங்கலத்தில் ஒரு கல்ஃப்காரனுக்கு என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். நாற்பத்திரண்டு நாள் அந்த வீட்டில் இருந்தேன். அதில் பத்து நாள் எனக்கு டைபாய்டு காய்ச்சல். மீதி நாளெல்லாம் பதினோரு பேருக்குச் சமையல். லீவு முடிந்து போனவனுக்கு அங்கே வேறொரு குடும்பம் இருப்பது பிறகுதான் தெரிந்தது. நெய்யாற்றின்கரை கோர்ட்டுக்கு நாலு வருஷம் நடந்து விவாகரத்துக் காகிதம் வாங்கினேன். குற்றம் செய்தவன் விமானத்தில் போனான், வருத்தப்பட்டவள் பஸ்ஸில் நின்றுகொண்டு போனாள்.

பிறகு பெருங்கடவிளைப் பக்கம் ஈசாக் முதலாளியின் டயர் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தேன். தேய்ந்த டயரின் மேல்பகுதியைச் சுரண்டி, புது ரப்பர் ஒட்டி, ஆவியில் வேகவைத்துத் திரும்பக் கொடுப்பதற்கு ரீசோல் என்று பெயர். வருகிற டயர் ரீசோலுக்கு ஆகுமா ஆகாதா என்று பார்க்கிற வேலை எனக்கு. முதலில் ஆண்கள்தான் பார்த்தார்கள். ஒருநாள் அவர்கள் நல்லது என்று விட்ட டயரில் நான் ஒரு கீறலைக் காட்டிக்கொடுத்தேன், அன்று முதல் முதலாளி என் கையை நம்பினார். டயருக்கு உள்ளே பல்பைப் பிடித்து, கையை விட்டு, விரலால் ஒரு சுற்று தடவி வருவேன். சந்தேகம் இருந்தால் இன்னொரு சுற்று. அதற்குப் பிறகுதான் சாக்பீஸால் பெருக்கல் குறி போடுவேன். ஒரு டயரை ஆகாது என்று சொல்ல எனக்குப் பத்து நிமிஷம் வேண்டும். என் அண்ணனுக்கு ஒரு மனுஷியைச் சொல்ல அரை கிளாஸ் சாயா குடிக்கிற நேரம் போதும்.

சுவாமிதாஸை நான் முதலில் பார்த்தது அந்தக் கம்பெனியில்தான். கரண்ட் ஆபீசில் லைன்மேன். ஸ்கூட்டரின் பின் டயரைக் கொண்டுவந்திருந்தார். மற்றவர்கள் டயரைப் போட்டுவிட்டு எப்போது கிடைக்கும் என்று கேட்டுவிட்டுப் போவார்கள். இவர் நின்றார். உள்ளே கையை விட்டு என்ன பார்க்கிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன். தானும் கையை விட்டுத் தடவிப் பார்த்தார். மேலேதான் தேய்ந்திருக்கிறது, உள்ளே ஒரு கேடும் இல்லை, ரீசோல் செய்தால் புதிது ஓடுகிற தூரம் இதுவும் ஓடும் என்றேன். அப்படியா என்று கேட்டு என் முகத்தைப் பார்த்தார். எட்டு வருஷத்தில் ஒரு ஆண் என்னிடம் கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்து நின்றது அன்றைக்குத்தான். டயரை வாங்கிக்கொண்டு போக வந்தபோதும் அரைமணி நேரம் நின்றார். மனைவி இறந்து மூன்று வருஷம், எட்டு வயதில் சுமி என்று ஒரு மகள், கணக்கில் அவள் மோசம், வரைவதில் கெட்டிக்காரி. இவ்வளவும் அவராகவே சொன்னார்.

ஈசாக் முதலாளி வழியாக அவர் வீட்டிலிருந்து என்னைப் பெண் கேட்டு ஆள் வந்தது. ஆசைப்பட்டேன். இதை எழுத எனக்கு வெட்கம் கிடையாது. அந்த மனிதரோடு போய் வாழ வேண்டும், அந்தப் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பெண்ணுகாணலுக்கு வருவதாகப் பேச்சு. சனிக்கிழமை சாயங்காலம் அண்ணன் கால் கழுவிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் நின்றேன்.

"அண்ணா, நாளைக்கு உனக்க வியாபாரப் பேச்சு பேசப்பிடாது. வண்டிப் பேச்சு ஒண்ணும் வேண்டாம்."

"எட்டி, நீ எனக்கு யாராக்கும்? எனக்குத் தெரியாதா மக்கா?" என்றான். தலையில் கைவைத்துத் தடவினான். ஈரக் கை. நான் நம்பினேன்.

மறுநாள் பத்து மணிக்கு வந்தார்கள். சுவாமிதாஸ், அவருடைய அக்கா விஜயம்மா, ஒரு மாமன். நான் சமையலறைக் கதவுக்குப் பின்னால், அண்ணன் மனைவி, என் மயினி, சாயா ஆற்றிக்கொண்டிருக்க, தட்டில் நேந்திரங்காயை வறுத்த உப்பேரியைப் பரப்பிக்கொண்டிருந்தேன். கதவுத் துணியின் இடுக்கில் முன்னறை நன்றாகத் தெரியும். அப்பா ஒரு மூலையில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சுவாமிதாஸ் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் இருந்தார். மழை, ரப்பர் வெட்டு, பஸ் நேரம் என்று பேச்சு போனது. பிறகு விஜயம்மா மெல்ல, அந்தப் பழைய விஷயம் எல்லாம் தீர்ந்துதானே இருக்கிறது என்று கேட்டாள். மரியாதையாகத்தான் கேட்டாள். கோர்ட்டில் தீர்ந்துவிட்டது, என் தங்கை மேல் ஒரு குற்றமும் இல்லை என்று சொன்னால் முடிந்திருக்கும்.

அண்ணன் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தான். எனக்குத் தெரியும் அந்தச் சாய்வு. வண்டியை உதைப்பதற்கு முன்னால் அப்படித்தான் சாய்வான்.

"ஒளிச்சு வைக்கியதுக்கு ஒண்ணும் இல்ல. செகண்டாக்கும். ஆனா ஓட்டம் கொறவு, வெறும் நாப்பத்திரெண்டு நாளு" என்றான்.

மாமன் வெடித்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டதும் அண்ணனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. அடுக்கினான். மாடல் கொஞ்சம் பழையது, முப்பத்திரண்டு. ஹாரன் சத்தம் அதிகம், அதாவது என் வாய். டைபாய்டு வந்து முடி கொட்டியதில் சின்ன டேமேஜ். எங்கள் வீட்டுக்கு இது ஸ்கிராப்பு இல்லை, ஆனால் உங்களுக்குச் சரிவருமோ வராதோ, நன்றாக யோசித்துக்கொள்ளுங்கள். இப்படியெல்லாம் சொல்லிவிட்டு, கைகட்டி, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான். அச்சு அசல் அந்த மனையில் நிற்கிற மோகனன். அவர்கள் இப்போது என்னைச் சுற்றி வந்து, அப்படி ஒன்றும் மோசமில்லையே என்று சொல்வார்கள் என்று காத்திருந்தான்.

நான் சுவாமிதாஸைத்தான் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை என்று சொல்ல எனக்கு ஆசை. சிரித்தார். பெரிய சிரிப்பில்லை, நாலு பேர் சிரிக்கும் இடத்தில் ஒட்டிக்கொள்ளும் சிரிப்பு. பிறகு தரையைப் பார்த்தார்.

விஜயம்மா சிரிக்கவில்லை. அவள் நல்ல விவரக்காரி.

"நீங்க உள்ளத உள்ளபடி சொன்னீங்க, நல்லது. இவ்வளவு கொறை உள்ள பிள்ளைன்னா நீங்களும் அதுக்குத் தக்க செய்யணும் இல்லியா? இந்த வீட்டுக்கு மேற்க கெடக்கிய பத்து செண்டு, அத பிள்ளைக்க பேருல எழுதிப் போடுங்க" என்றாள்.

அண்ணன் ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பினான். அந்த முகத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். நாற்பது வயது வரை இந்த ஊரில் வாழ்ந்தவனுக்கு அந்த நிமிஷம்தான் உறைத்தது. வண்டி வியாபாரத்தில் வாங்குகிறவன் கொடுப்பான். பெண் விஷயத்தில் பெண்ணையும் கொடுத்து, மேலே கொடுப்பதும் நம் வீடுதான். இங்கே குறை சொன்னால் யாரும் சுற்றி வந்து பார்க்கமாட்டார்கள். சொன்ன ஒவ்வொரு குறைக்கும் இவனே தண்டம் கட்ட வேண்டும். அதெல்லாம் சும்மா தமாஷுக்குச் சொன்னது என்று உளற ஆரம்பித்தான். நேர்மையானவன் என்று பெயர் வாங்கியவன் அல்லவா, இப்போது யார் நம்புவார்கள்? நீங்கள் நேர்மையான ஆள் என்று விசாரித்துத்தான் வந்தோம் என்றார் மாமன்.

மயினி என் கையைப் பிடித்தாள். விடுவித்துக்கொண்டு சாயாத் தட்டோடு வெளியே வந்தேன். கூப்பிடாமல் பெண் வருவது வழக்கமில்லை. வழக்கத்தைப் பற்றி அன்றைக்கு எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொருவர் முன்னாலும் கிளாஸை வைத்தேன். சுவாமிதாஸ் முன்னால் வைத்துவிட்டு அங்கேயே நின்றேன்.

"உங்களுக்குக் கல்யாணம் ஆகி அவங்களோட எத்தன வருஷம் இருந்தீங்க?" என்று கேட்டேன்.

"ஒம்பது வருஷம்" என்றார்.

"இந்த மூணு வருஷத்துல உங்கள யாராவது செகண்டுன்னு சொன்னதுண்டா?"

நாற்பத்திரண்டு நாளுக்கு எனக்கு நாலு வார்த்தை இருந்தது. ஒன்பது வருஷத்துக்கு அவருக்கு ஒரு வார்த்தை இல்லை. அப்படியொரு வார்த்தையை யாரும் உண்டாக்கவே இல்லை.

"இல்ல. ஒருத்தரும் சொன்னதில்ல" என்றார் சுவாமிதாஸ். அவர் முகம் சிவந்திருந்தது. விஜயம்மா, ஆணும் பெண்ணும் ஒன்றா என்று ஆரம்பித்தாள். அவர் கையை உயர்த்தி அக்காவை நிறுத்தினார். நல்ல மனிதர்தான். நல்லதைச் செய்ய வேண்டும் என்றுதான் நினைத்தார், அதை இன்றைக்கும் சொல்லுவேன்.

"அதெல்லாம் விடுங்க, பத்து செண்டும் வேண்டாம். நீங்க தானே அண்ணைக்கு எனக்கிட்ட சொன்னது, ரீசோல் பண்ணினது புதுசு ஓடுற தூரம் ஓடும்னு?"

அப்பாடா என்று எல்லோரும் மூச்சு விட்டார்கள். மாமன் தொடையில் தட்டினார். அண்ணன் கண்ணில் தண்ணீர் வராத குறை. எல்லாம் நேராகிவிட்டது. நான் தலையைக் குனிந்து ஒரு சிரிப்புச் சிரித்திருந்தால் போதும், அடுத்த மாதம் கல்யாணம், சுமிக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்திருப்பேன். என் மனசுக்குள் ஒருத்தி, சிரியேன்டி என்று கெஞ்சினாள்.

"அது நான் டயரப் பற்றி சொன்னதாக்கும்" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். உள்ளே போய்விட்டேன். அடுக்களையில் நின்று, கழுவி வைத்த கிளாஸ்களையே திரும்பவும் கழுவினேன். அழுகை வந்தது, அழுதேன். அந்த மனிதர் என்னைத் திட்டியிருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. அன்றைக்கு டயருக்குள் கையை விட்டுப் பார்த்தவர், என்னிடம் சொல்ல அந்த டயரைத் தவிர ஒன்றும் கிடைக்காமல் நின்றாரே என்பதுதான் வலி. படியிறங்கும்போது அவர் ஒருமுறை திரும்பிப் பார்த்ததாக மயினி சொன்னாள். செவ்வாய்க்கிழமை ஈசாக் முதலாளி வழியாகச் செய்தி வந்தது, அவர்கள் வேறு இடம் பார்க்கிறார்களாம்.

வீட்டில் யார் மேல் கோபம்? என் மேல். கையில் வந்ததைத் தட்டிவிட்டேனாம். அம்மா மூக்கைச் சிந்திக்கொண்டே இருந்தாள். அப்பா வழக்கம்போல முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் மட்டும் மூன்று நாளும் ஒரே பல்லவி, உனக்காகத்தானே சொன்னேன், ஒரு தமாஷ் தாங்காதா உனக்கு என்று. ஒரு வார்த்தை, தப்பாகப் பேசிவிட்டேன் மக்கா என்று ஒரே ஒரு வார்த்தை, அது அவன் வாயிலிருந்து வரவில்லை.

புதன்கிழமை கம்பெனியில் கரண்ட் இல்லை, லீவு. மயினி அண்ணனுக்குச் சோறு கொண்டுபோகச் சொல்லித் தூக்குவாளியைக் கையில் தந்தாள். மனைக்குப் போனபோது அண்ணன் ஒரு ஆளுக்கு ஆட்டோ காட்டிக்கொண்டிருந்தான். வெள்ளறடைக்காரர், ராபின்சன் என்று பெயர், எங்கள் கம்பெனிக்கும் டயர் கொண்டுவருகிறவர். அந்த ஆட்டோவை எனக்குத் தெரியும். அண்ணன் தினமும் துடைத்து வைக்கிற வண்டி, அந்த வருஷத்தில் அவன் கைக்கு வந்ததில் நல்லது அதுதான்.

அண்ணன் முன் டயரை ஒரு உதை விட்டான்.

"வேண்டாம் சேட்டா, இது கண்டமாக்கும். உங்களுக்கு இது செரிவராது" என்று சொல்லி முகத்தை ரோட்டுப் பக்கம் திருப்பினான்.

ராபின்சன் குனியப் போனார். நான் தூக்குவாளியைக் கீழே வைத்தேன். டயரில் கை வைத்தால் எனக்குப் பொய் சொல்ல வராது, அதனால் கை வைக்கவில்லை.

"அண்ணன் சொல்லுதது நேராக்கும். எனக்க கூடப்பெறந்தவன், பொய் சொல்லமாட்டான். அவன் கண்டம்னு சொன்னா நீங்க நம்பணும்" என்றேன்.

ராபின்சன் நிமிர்ந்தார். நீங்கள் டயர் கம்பெனிப் பிள்ளைதானே என்று கேட்டார். ஆமாம் என்றேன். எத்தனையோ டயரை ஆகாது என்று நான் அவரிடம் சொல்லியிருக்கிறேன், ஒன்றும் பொய்யானதில்லை. அவர் கையைத் தட்டிக்கொண்டு, அப்படியானால் வேண்டாம், நெய்யாற்றின்கரையில் ஒரு வண்டி உண்டு என்றார்கள், அதைப் பார்க்கிறேன் என்று குடையை எடுத்தார்.

அண்ணன் பதறிப்போனான். பாய்ந்து வந்து ராபின்சனுக்கும் ரோட்டுக்கும் நடுவில் நின்றான்.

"இல்ல சேட்டா, நான் சும்மா சொன்னது. நல்ல வண்டியாக்கும். நான் எனக்க சொந்தம்போல வச்சுப் பாத்த வண்டி. இதுல கொறை சொல்லியதுக்கு ஒண்ணும் கெடையாது. யாரு என்ன சொன்னாலும் இது நல்ல வண்டி."

அவன் கை ஆட்டோவின் கம்பியைப் பிடித்திருந்தது. குரல் தழுதழுத்தது. உண்மையாகவே தழுதழுத்தது. நான் பக்கத்தில் போனேன்.

"நல்லதுன்னு சொல்ல உனக்குத் தெரியும், இல்லியா அண்ணா?" என்றேன். "ஞாயிற்றுக்கிழமை விஜயம்மா கேட்டப்ப அந்த ஒரு சொல்லு எங்க போச்சு?"

அண்ணன் என்னைப் பார்த்தான். ராபின்சன் ஒன்றும் புரியாமல் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். நான் அவரிடம் வண்டி நல்ல வண்டிதான், தைரியமாக வாங்கலாம் என்று சொல்லிவிட்டு, தூக்குவாளியை எடுத்து ஆட்டோவின் சீட்டில் வைத்துவிட்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன்.